ஊருக்கெல்லாம் குத்திய அம்மை

உலை வைப்பதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது எங்கள் சபைப் பெண்களின் வழக்கம். காலையில் ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி. அது கர்த்தருடைய பங்கு. ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் படைக்க வேண்டும். நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் அந்தப் பானை முழுசாகக் கோயிலுக்குப் போன நாள் குறைவு. சனிக்கிழமைக்குள் யாராவது பசியோடு வந்து நிற்பார்கள். என் வீட்டுக்காரர் பானையைக் கண்ணால் காட்டுவார். "கர்த்தருக்கு எடுத்து வச்சது, கர்த்தரே ஆளை அனுப்பியிருக்கார்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபம் வந்த நாட்களில் என் பிடி தானாகவே சிறுத்துவிடும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் உபதேசியார். வடமாலபேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் சபையையும் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் பாடமும் சொல்லிக்கொடுத்தார். கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே கட்டிடம்தான். அதை ஒட்டி எங்கள் வீடு. வீட்டின் ரோட்டுப் பக்கத்து அறையை வழிப்போக்கருக்கென்று விட்டிருந்தோம். திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், சந்தைக்கு வந்து பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் என்று அந்த அறையில் யாராவது இருப்பார்கள்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எல்லை மட்டும் தீராமல் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. இந்த ஊர் அவர்களுக்கு, அந்த ஊர் நமக்கு என்று தினம் ஒரு பேச்சு. ரோட்டில் கல்லை அடுக்கி பஸ்ஸை நிறுத்துவார்கள். ஒரு நாள் கடை இருக்கும், மறுநாள் இருக்காது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சுவரில் தமிழ் எழுத்தும் எதிர்ச் சுவரில் தெலுங்கு எழுத்தும் இருந்தன. எந்தச் சுவருக்கு எப்போது வெள்ளையடிக்கச் சொல்வார்களோ என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. நான் சுபாவத்திலேயே பயந்தவள். வாய் மட்டும் நீளம்.

எதற்குப் பயந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு முதலில் பிறந்தது பெண். பதினோரு மாசத்தில் அவளுக்கு அம்மை குத்தினோம். ஒன்பதாம் நாள் ஜுரத்தில் போய்விட்டாள். வயிற்றுப்போக்கில் வந்த ஜுரம், அம்மை குத்தியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர் நம்பினார். நானும் தலையாட்டினேன். தலையாட்டிய அளவுக்கு நம்பவில்லை. குத்தின கை வீங்கிச் சிவந்து, அந்தக் கையை அவள் தூக்க முடியாமல் அழுததைப் பார்த்தவள் நான்.

இரண்டாவது பையன். அவனுக்கு ஏழு மாசம் ஆனபோது அம்மை குத்துகிறவர் எங்கள் ஊருக்கு வந்தார். கோயிலுக்குள்ளேயே மேசை போட்டு உட்கார்ந்தார். ஒரு சின்ன விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, பல் வைத்த ஒரு வட்டக் கருவியை நெருப்பில் காட்டி ஆறவைத்து, கைச்சதையில் வைத்து ஒரு திருகு திருகுவார். ஊரில் யாரும் கிட்டே வரவில்லை. பிள்ளைகளை வைக்கோல் போருக்குள் ஒளித்துவைத்த வீடுகள் உண்டு. ஊசி குத்தினால் அம்மனுக்குக் கோபம் வரும் என்று இந்துக்கள் பயந்தார்கள். அம்மனை விட்டுவிட்டு வந்த எங்கள் ஆட்களும் அதே அளவுக்குப் பயந்தார்கள்.

"இந்தாம்மா, நீ மொதல்ல பிள்ளையைத் தூக்கிக்கினு போ. உபதேசியார் வூடே போச்சுன்னா ஊரு பின்னாலயே வரும்" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு வெளியே நின்றவர்களைக் கையைப் பிடித்து இழுத்துவரப் போய்விட்டார்.

நான் பிள்ளையோடு மேசைக்கு முன்னால் போய் நின்றேன். விளக்கில் அந்தக் கருவி சிவந்துகொண்டிருந்தது. வாசலில் ஊர்ப் பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாய் தானாகப் பேசியது.

"பிள்ளைக்குப் பலமனேர்ல எங்க அம்மா வூட்டுலயே குத்தியாச்சுங்க. எனக்குக் குத்துங்க."

அதற்கு முந்தின வாரம் நான் பலமனேருக்குப் போய் வந்தது நிஜம். மற்றதெல்லாம் பொய். பையனின் கையில் வேனல் கட்டி வந்து ஆறின தழும்பு ஒன்று இருந்தது. அதைத் துளி காட்டி மூடிவிட்டேன். அவருக்கு அன்றைக்கு ஒரு ஊரையே பார்த்து முடிக்க வேண்டியிருந்தது. "சரிம்மா" என்று என் கையைப் பிடித்துத் திருகினார். நான் முகத்தைச் சுளிக்கவில்லை. சுளித்தால் ஊர் ஓடிவிடும் என்பது அந்த நேரத்திலும் எனக்குத் தெரிந்திருந்தது.

"உபதேசியார் வூட்டம்மாவே குத்திக்கிச்சிடி" என்று ஒருத்தி சொன்னாள். அவ்வளவுதான். வரிசை கட்டி வந்தார்கள். வைக்கோல் போரிலிருந்து பிள்ளைகள் இறங்கின. பொழுது சாய்வதற்குள் ஊரில் குத்தாத கை இல்லை, ஒரு கையைத் தவிர. அன்றைக்குச் சாயங்கால ஜெபத்தில் என் வீட்டுக்காரர் உருக்கமாக நன்றி சொன்னார். மனைவியின் தைரியத்துக்காகவும் நன்றி சொன்னார். நான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன். பலமனேரில் குத்தியாச்சு என்று அவரிடமும் சொன்னேன். முட்டிவரை கை வைத்த சட்டைகள் மூன்று தைத்துப் பிள்ளைக்குப் போட்டேன்.

ஒரு மாசம் போயிருக்கும். சித்திரை வெயில். பஸ் ஓடாத ஒரு நாள் மத்தியானம் அவர் ஒரு ஆளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார். மஞ்சள் வேட்டி, பல மாசத்துத் தாடி. நாற்பது வயசு இருக்கலாம். பாலசமுத்திரம் பக்கத்தில் விவசாயம் செய்கிறவராம். முடி கொடுக்க மலைக்கு நடந்தே போகிறார். வழியில் உடம்பு சுடுகிறதென்று புளிய மரத்தடியில் உட்கார்ந்தவரை என் வீட்டுக்காரர் விடவில்லை.

"விரதக்காரர். நம்ம வூட்டுல சாப்பிடுவாரோ இன்னாவோ" என்று நான் முணுமுணுத்தேன். அது அவர் காதில் விழுந்துவிட்டது.

"கஞ்சி தானேம்மா? குடு தங்கச்சி, நல்லாக் குடிப்பேன்" என்று சிரித்தார்.

பிடி அரிசிப் பானையிலிருந்து எடுத்துக் கஞ்சி வைத்தேன். நடந்த சூடு, இரண்டு நாள் படுத்தால் சரியாகும் என்றுதான் நினைத்தோம். என் பையனுக்கு அந்தத் தாடியைப் பார்த்ததும் கொண்டாட்டம். தவழ்ந்துபோய் மடியில் ஏறித் தாடியைப் பிடித்து இழுத்தான். அவர் வலிக்கிற மாதிரி கத்துவார், இவன் கெக்கெக்கென்று சிரிப்பான். அடுத்த நாளும் அதே விளையாட்டு. நான் அடுப்பு வேலை ஒழிந்ததென்று சும்மா இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் கஞ்சி கொண்டுபோனேன். நெற்றியிலும் உள்ளங்கையிலும் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. சொம்பு சரிந்து கஞ்சி காலில் கொட்டியது. சுட்டதுகூட எனக்குத் தெரியவில்லை. பெரியம்மை.

என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். அவர் முகத்தில் பயம் துளி இல்லை. "ஊரே குத்திக்கினு கீது, இனிமே யாருக்கு இன்னா பயம்? வேற ஊரா இருந்தா இந்த ஆளை ரோட்டுல போட்டிருப்பாங்க. கர்த்தர் பாத்துத்தான் இங்க அனுப்பியிருக்கார்" என்றார். நான் பிள்ளையை மார்போடு அழுத்திக்கொண்டு நின்றேன். அவர் அவ்வளவு தைரியமாக அந்த ஆளை வைத்துக்கொண்டது என் பொய்யை நம்பித்தான். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த முகம் எப்படி மாறும் என்று நினைத்தேன், வாய் பூட்டிக்கொண்டது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பலமனேருக்கு ஓடிவிடலாம் என்று பார்த்தால் பஸ் இல்லை. அதற்குள் பக்கத்துத் தெருப் பெண்கள் வந்துவிட்டார்கள். அம்மை கண்ட வீட்டுக்குச் செய்ய வேண்டியதை எங்கள் வீட்டுக்கும் செய்தார்கள். வாசலில் வேப்பிலை கட்டினார்கள், மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். "ஆத்தா எறங்குற வரைக்கும் இந்த வூட்டாளுங்க ஊர் எல்லையத் தாண்டக் கூடாதும்மா. தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது" என்று எனக்குச் சட்டம் சொன்னார்கள். உபதேசியார் வீட்டு நிலையில் வேப்பிலை தொங்கியது. அவர் அதைத் தடுக்கவில்லை. "அவங்க பிரியம் அது" என்று விட்டுவிட்டார். நான் எல்லாப் பக்கமும் அடைபட்டுப் போனேன்.

தகவல் கேட்டு அன்று மத்தியானமே அம்மை குத்துகிறவர் சைக்கிளில் வந்தார். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர். இரண்டு பாஷையும் கலந்துதான் பேசுவார். சீக்காளியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து கை கழுவினார்.

"குத்தாத பிள்ளை யாராச்சும் இருந்தா இப்பவே செப்பண்டி. கிட்டப் பழகின மூணு நாலு நாளுக்குள்ள குத்தினா தப்பிச்சிடும். அது தாண்டினா அப்புறம் தேவுடுதான்."

"எங்க ஊர்ல குத்தாதவங்களே இல்லீங்க. இதோ நிக்கறாளே, இவதான் மொதல்ல கையை நீட்டினா" என்றார் என் வீட்டுக்காரர்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். கடவுளே, அந்த நேரத்தில் எனக்குச் சிரிக்கத் தெரிந்தது. நாளைக்கும் நாளன்றைக்கும் வடமாலபேட்டையில் இருப்பேன், அப்புறம் வேறு பக்கம் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார். சக்கரம் மண்ணில் நெருடிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய் அந்தச் சைக்கிளைப் பிடி என்று உள்ளே ஒருத்தி கத்தினாள். என் கால் நகரவில்லை. இப்போது சொல்லிக் குத்தினாலும் ஒன்பதாம் நாள் வருமே என்று இன்னொருத்தி கத்தினாள். ஒரு பக்கம் அறையில் கிடக்கிற அம்மை, இன்னொரு பக்கம் மேசையில் இருந்த அம்மை. இரண்டுக்கும் நடுவில் என் பிள்ளை விரலைச் சப்பிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது சுவரைத் தாண்டிக் கேட்டது. நான் அறை வாசலில் போய் நின்றேன். உள்ளே போகவில்லை.

"அண்ணா, என் பிள்ளைக்கு அம்மை குத்தலை."

அவர் தலையைத் திருப்பினார். முகமெல்லாம் மொட்டு மொட்டாக எழும்பியிருந்தது.

"வாத்தியாரு குத்தியாச்சுன்னாரே?"

"அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. மொதப் பொண்ணு குத்தின ஒம்பதாம் நாள் செத்துப்போச்சு. அந்தப் பயத்துல ஒளிச்சிட்டேன். எங்கனா போயிடுங்கண்ணா. உங்க கால்ல வுழறேன், போயிடுங்க."

அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "ரெண்டு நாளா மடியில வச்சிக்கினு இருந்தேனே, சொல்லியிருக்கக் கூடாதா தங்கச்சி" என்றார். என்னைத் திட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, தெருப் பெண்கள் பார்க்காமல் பின்பக்கமாக நடந்தார். அந்த வெயிலில் மனுஷன் இரண்டு எட்டு வைப்பார், நிற்பார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்து அனுப்பவில்லை.

போன பிறகு எனக்குச் சந்தோஷம் வந்தது. பொய் சொல்லக் கூடாது, வந்தது. அறையைச் சாணி போட்டு மெழுகினேன். பாய்க்கு நெருப்பு வைத்தேன். பாதி மெழுகும்போதுதான் அவர் சொன்னது உறைத்தது. இரண்டு நாள் மடியில் இருந்த பிள்ளை. தாடியைப் பிடித்த கையை வாயில் போட்டுக்கொண்ட பிள்ளை. வர வேண்டியது வந்திருந்தால் அது அந்த ஆளோடு வெளியே போகவில்லை. இங்கேதான் இருக்கிறது. சும்மாவே ஒரு மனுஷனைத் துரத்தியிருக்கிறேன். சாணிக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் விட்டு வந்து காலி அறையைப் பார்த்தார்.

"எங்க அவர்?"

"தானா எழுந்து போயிட்டாருங்க. நான் பின்னாடி வேலையா இருந்தேன்."

அது இரண்டாவது பொய். முதலாவதைவிடச் சுலபமாக வந்தது. அவர் தேட ஓடினார். ஒரு மணி நேரம் கழித்துக் குழப்பமான முகத்தோடு திரும்பி வந்தார். ஏரிக்கரைப் புளிய மரத்தடியில் கிடக்கிறாராம். எவ்வளவு கூப்பிட்டும் வரமாட்டேன் என்கிறாராம்.

"பச்சப் புள்ளை கீற வூட்டுல இருக்க மாட்டேன், நானாத்தான் வந்தேன்னு சொல்றார். அது போவட்டும். நம்ம பிள்ளைக்கு இன்னொரு வாட்டி அம்மை குத்தணுமாம். என் கண்ணு முன்னாடி சத்தியம் பண்ணு, குத்திட்டு வந்து சொல்லு, அதுவரைக்கும் கஞ்சியும் வேணாம் தண்ணியும் வேணாம்ங்கறார். ஜுரத்துல பெனாத்தறார் போல. வாய் காஞ்சு வெடிச்சிருக்கு, சொம்பைத் தள்ளி விடறார்."

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"சரின்னுட்டேன். இன்னொரு குத்து குத்தினா பிள்ளைக்கு இன்னா ஆவப் போவுது? அந்த மனுஷன் தண்ணி குடிக்கணுமே."

சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு வடமாலபேட்டைக்குப் போய், வெளிச்சம் இருக்கும்போதே அம்மை குத்துகிறவரைக் கூட்டிவந்தார். நான் பிள்ளையின் சட்டையைக் கழற்றினேன். அந்த மனிதர் வலது கையைப் பார்த்தார். இடது கையைப் பார்த்தார். வேனல் கட்டித் தழும்பை விரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒன்றும் கேட்காமல் விளக்கை ஏற்றினார். அவர் திருகியபோது பிள்ளை அலறியது.

என் வீட்டுக்காரர் கஞ்சியோடு ஏரிக்கரைக்குப் போனார். "குத்தியாச்சா? நீயே கண்ணால பாத்தியா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் அவர் சொம்பைத் தொட்டாராம்.

அப்புறம் எட்டு நாள். மரத்தடியில் பனையோலை வைத்து ஒரு மறைப்புக் கட்டினார்கள். ராத்திரி பகல் என்று பாராமல் என் வீட்டுக்காரர் அங்கேயே கிடந்தார். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வந்து போவார். தெருப் பெண்கள் இளநீர் அனுப்பினார்கள். நான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன், போய்ப் பார்க்கவில்லை. பிள்ளையைத் தனியாக விட முடியாது என்று சொல்லிக்கொண்டேன். அந்த நாட்களில் நான் எடுத்து வைத்த பிடி பெரியதாக இருந்தது. பயத்தில் போட்ட அரிசி அது.

பிள்ளையை மணிக்கு ஒரு தரம் வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். வேர்க்குரு ஒன்று தெரிந்தால் கண் இருட்டும். குத்தின இடம் நாலாம் நாள் சிவந்தது. ஆறாம் நாள் நீர் கோத்தது. எட்டாம் நாள் சீழ் பிடித்து, தோள்வரை வீங்கி, உடம்பு அனலாகக் கொதித்தது. அவளுக்கும் இப்படித்தான் இருந்தது. நாளைக்கு ஒன்பது. முழங்கால் போட்டு ஜெபம் செய்தேன். அதை ஜெபம் என்று சொல்வதா, பேரம் என்று சொல்வதா? இந்தப் பிள்ளையை விட்டுவிடு, வேறு யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன். 'வேறு யார்' என்று சொன்னபோது என் மனசில் ஒரு முகம் வந்தது. என்ன கேட்டோம் என்று உறைத்தபோது ஆண்டவர் முன்னால் இருக்கவே பயந்து எழுந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் அம்மை குத்துகிறவர் பார்க்க வந்தார். என் வீட்டுக்காரரும் இருந்தார். வந்தவர் பிள்ளையின் கையைத் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"பாகா பொங்கிந்தி. நல்லாப் பொங்கியிருக்கு. இது குத்தின ஜுரம், பயப்படாதேம்மா. மொதல் தடவை குத்தினா இப்படித்தான் பொங்கும்."

சொன்ன பிறகுதான் என் ரகசியத்தை உடைத்துவிட்டது அவருக்கே தெரிந்தது. பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"மொதல் தடவையா?" என்றார் என் வீட்டுக்காரர்.

நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். மேசை முன்னால் சொன்னது, தழும்பைக் காட்டியது, அந்த ஆளைப் போகச் சொன்னது, தண்ணீர்கூடக் கொடுக்காதது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சுவரோரம் அப்படியே உட்கார்ந்தார்.

"அப்போ அவர் தண்ணி குடிக்காம கெடந்தது..."

"நம்ம பிள்ளைக்காகங்க."

"எட்டு நாளா அவர் பக்கத்துல உக்காந்து நான் அன்பைப் பத்திப் பேசிக்கினு இருந்தேன். அவரும் உம் கொட்டிக்கினு கேட்டார்" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பெண் செத்தபோதுகூட அழாத மனுஷன். பிறகு எழுந்துவந்து பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "கஞ்சிய இன்னிக்கு நீ எடுத்துக்கினு போ" என்றார்.

ஏரிக்கரைக்குப் போகிற தூரம் கொஞ்சம்தான். வழியில் இரண்டு தரம் சொம்பைக் கீழே வைத்து நின்றேன். ஓலையை விலக்கினேன். வாடை முகத்தில் அடித்தது. விரல் வைக்க இடமில்லாமல் உடம்பெல்லாம் அம்மை. இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. வேப்பங்கொத்தால் ஈயை ஓட்டினேன்.

"வாத்தியாரு காலடி இல்லையே. யாரது?"

"நான்தாண்ணா."

மூடிய கண்ணோடு முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"புள்ளைக்குப் பொங்கிச்சா?"

"நல்லாப் பொங்கிச்சுண்ணா. ஆனா ஜுரம் கொதிக்குது. மொதப் பொண்ணுக்கும் இப்படித்தான். நாளைக்கு ஒம்பதாம் நாள். பயமா கீதுண்ணா."

யாரிடம் போய்ச் சொல்கிறேன் என்று அப்போது யோசிக்கவில்லை. அவ்வளவு பயத்தை அந்த ஊரில் அவரிடம்தான் சொல்ல முடிந்தது.

"வுட்டுடும். பொங்கிச்சின்னா வுட்டுடும். எனக்கும் மூணு புள்ளைங்க கீது, தெரியும். ஜுரம் வுட்டதும் நீயே வந்து சொல்லு."

"சொல்றேண்ணா. என்னை மன்னிச்சிடுங்கண்ணா. நான் உங்கள..."

"கஞ்சி ஆறிடப் போவுது" என்று வாயைத் திறந்தார்.

பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடையால் ஊற்றினேன். நாலு வாய் இறங்கியது. ஐந்தாவது வாய் ஓரத்தில் வழிந்தது. முந்தானையால் துடைத்தேன். அந்த முகத்தைத் தொட எனக்கு அப்போது பயமாக இல்லை.

மறுநாள் முழுக்க ஜுரம் கொதித்தது. நான் பிள்ளையைத் தரையில் விடவே இல்லை. என் வீட்டுக்காரர் ஏரிக்கரைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். பத்தாம் நாள் விடியும்போது என் கழுத்து ஈரமாக இருந்தது. பிள்ளைக்கு வேர்த்திருந்தது. உடம்பு சில்லென்று இருந்தது. கண்ணைத் திறந்து பால் கேட்டு முட்டினான்.

பால் கொடுத்துக்கொண்டே ஓடினேன். முந்தானை எங்கே போகிறதென்று பார்க்கவில்லை. ஏரிக்கரை ஏறும்போதே "அண்ணா" என்று கூப்பிட்டேன். மறைப்புக்கு வெளியே என் வீட்டுக்காரர் தோள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், இனி இல்லை என்பதுபோலத் தலையை மெல்ல ஆட்டினார்.

நான் நிற்கவில்லை. பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய், வழக்கமாகக் கஞ்சி வைக்கிற இடத்தில் உட்கார்ந்து, "ஜுரம் வுட்டுடுச்சுண்ணா" என்று சொன்னேன்.